ஏழு வீட்டுச் சோறும் ஒரு கணக்கு நோட்டும்



தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளை இந்த ஆண்டு மைசூருவில் பட்டப்படிப்பில் சேர்த்திருக்கிறார்கள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. சரஸ்வதிபுரத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். "காலையில் ஆறு மணிக்கு போன் வரும், 'அம்மா, அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணி?' என்று. ஏழு மணிக்கு அடுத்த போன், 'அம்மா, குக்கர்ல விசிலே வரல.' ராத்திரி பத்து மணிக்கு வருகிற போனில் பேச்சே இருக்காது, அழுகை மட்டும்தான். கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு இரண்டு பக்கமும் மனசு இழுக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

விசில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் கேஸ்கட்தான் காரணம். கழற்றித் தண்ணீரில் அலசி, திரும்பச் சரியாகப் பொருத்தச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் புது கேஸ்கட்டை அவளே கடைக்குப் போய் வாங்கட்டும். நீங்கள் பார்சல் அனுப்பாதீர்கள்.

அந்தப் பத்து மணி அழுகைக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும். ஏனென்றால் அதே ஊரில் அதே அழுகையை நானும் அழுதிருக்கிறேன்.

1988ஆம் வருடம். அப்போது ஊர்ப்பெயர் மைசூர்தான். மைசூரு ஆனது 2014இல். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி, சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி அம்மனுக்கு ஜன்னல் வழியே ஒரு கும்பிடு போட்டு, திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக நானும் அப்பாவும் போய் இறங்கினோம். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் மனைவி தனியாக இருந்த வீட்டில், பின்கட்டு அறை எனக்கு. அவரைத் தெருவே 'அஜ்ஜி' என்றுதான் கூப்பிட்டது. கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி.

ஊருக்குக் கிளம்பும்போது அப்பா என் கையில் இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று, அந்த மாதத்துக்கான பணம். இன்னொன்று, நாற்பது பக்கக் கணக்கு நோட்டு. "மாசாமாசம் கணக்கை எழுதி அனுப்பணுமாப்பா?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு சாமி? உனக்கு நீயே எழுதிக்க. பொய்க்கணக்கு எழுதினா உனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். அந்தச் சொல்லின் கனம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

முதல் மாதம் ராணி மாதிரி செலவு செய்தேன். தேவராஜ மார்க்கெட்டில் தினம் ஒரு முழம் மைசூர் மல்லிகை, சனிக்கிழமை சினிமா, தோழிகளுக்கு மசால் தோசை. பத்தொன்பதாம் தேதி பர்ஸைத் திறந்தால் சில்லறைதான் இருந்தது. வீட்டுக்கு எழுத வெட்கம். போஸ்ட் கார்டில் 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதிப் போட்டுவிட்டு, மூன்று நாள் வாழைப்பழத்தையும் தண்ணீரையும் வைத்து ஓட்டினேன். நஞ்சன்கூடு ரசபாளைப் பழத்தின் மணத்தை ஊரே புகழும். மூன்றாம் நாள் அந்த மணம் வந்தாலே எனக்கு அழுகை வந்தது.

மைசூருக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "ஊட்டா ஆயித்தா?" என்றுதான். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். அஜ்ஜியும் தினம் கேட்பார். நானும் "ஆயித்து" என்பேன். நாலாம் நாள் அவர் என் முகத்தைப் பார்த்தார். "சுள்ளு ஹேளபேட" என்றார், பொய் சொல்லாதே என்று. தட்டைப் போட்டார். சாரு என்கிற ரசமும் சோறும், மேலே நெய். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை.

கை கழுவி வந்ததும் ஒரு ஏற்பாடு சொன்னார். திங்களும் வியாழனும் நான் அங்கே சாப்பிடலாம். பதிலுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் அவருடைய பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் தயங்கியதைப் பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரர் ஏழு வீட்டுச் சோறு சாப்பிட்டுத்தான் வாத்தியாரானார், தெரியுமா?" என்றார்.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்துகிறேன். அந்த ஏழு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய மைசூர் சமஸ்தானத்தில் 'வாரான்ன' என்றொரு வழக்கம் இருந்தது. நம் பக்கத்தில் அதையே வாரச் சாப்பாடு என்பார்கள். கிராமத்திலிருந்து படிக்க வரும் ஏழைப் பையன், திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று வாரத்தின் ஏழு நாளைக்கும் ஏழு வீடு பேசிவைத்துக்கொள்வான். தங்குவது கோயில் மண்டபமோ, யார் வீட்டுத் திண்ணையோ. படிப்பு முடியும் வரை இப்படியே. இந்த வழக்கத்தைப் பொன்னால் பூசிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கதவுகள் பெரும்பாலும் சாதி பார்த்தே திறந்தன. அவற்றைத் தட்ட முடியாத பிள்ளைகள்தான் ஊரில் அதிகம். அவர்களுக்காகப் பிறகு அரசு விடுதிகளும் உதவித்தொகைகளும் வர வேண்டியிருந்தது. சமூகங்களும் மடங்களும் விடுதி நடத்தின. சுத்தூர் மடத்தின் சிவராத்ரி ராஜேந்திர சுவாமிகள் மைசூரில் ஏழை மாணவர்களுக்கு இருக்க இடமும் உணவும் தந்தார். அந்த முயற்சிதான் 1954இல் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடமாக வளர்ந்தது.

கன்னடத்தின் மகாகவி குவெம்பு மகாராஜா கல்லூரியில் படித்த காலத்தில் அவருக்கு இருக்க இடம் தந்தது மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமம். மலைநாட்டிலிருந்து வந்த அந்தப் பையன் 1929இல் அதே கல்லூரியில் ஆசிரியரானார். 1956இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் மானசகங்கோத்ரி வளாகம் அவர் காலத்தில் உருவானது. அந்தப் பெயரும் அவர் வைத்ததுதான். தங்க இடம் தேடி வந்தவர் ஊருக்கே படிக்க இடம் தந்தார்.

விஸ்வேஸ்வரய்யாவின் கதையும் இதே ரகம். செப்டம்பர் 15 அன்று பொறியாளர் நாள் கொண்டாடுகிறோமே, அவர்தான். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படிக்கும்போது, குடகுக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் செலவைச் சமாளித்தார். 1881இல் பி.ஏ. முடித்தார். பிறகு மைசூர் அரசின் உதவித்தொகையில் புனே போய்ப் பொறியியல் படித்தார். டியூஷன் சொல்லிப் படித்த அந்தப் பையன் 1912இல் சமஸ்தானத்தின் திவான். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும் இவர் திவானாகவும் இருந்தபோதுதான், 1916 ஜூலை 27 அன்று, மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது.

'சொந்தக் காலில் நின்றவர்' என்று இவரைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காலுக்குக் கீழே ஒரு குடகு வீட்டுக் கூடம் இருந்தது, ஓர் அரசு உதவித்தொகை இருந்தது. அவர் கையை நீட்டினார், உண்மைதான், வெறுங்கையாக நீட்டவில்லை. தன்னிடம் இருந்த படிப்பைக் கொடுத்துத்தான் வாங்கினார். என் வயிற்றுக்கும் மானத்துக்கும் நடந்த சண்டையை அஜ்ஜி தீர்த்துவைத்ததும் இந்த வழியில்தான். அவர் எனக்குப் போட்டது பிச்சையும் இல்லை, கடனும் இல்லை. எனக்கு ஒரு வேலை கொடுத்தார். என்னிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

'கொடுக்க என்னிடம் எதுவுமில்லையே' என்று நினைக்கும் மாணவர்களுக்காக அதே ஊரின் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறேன். அண்ணனும் தம்பியும். அப்பா மைசூரில் தலைமை ஆசிரியர்.

அண்ணன் ஆர்.கே. நாராயண். சென்னை புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து மைசூருக்கு வந்தவர். கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார். தலைமை ஆசிரியர் வீட்டுப் பையன் தோற்றால் எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அந்த ஒரு வருடத்தை வீட்டிலிருந்தபடி புத்தகங்களோடு கழித்தார். மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடிக்கும்போது ஆண்டு 1930. கிடைத்த பள்ளிக்கூட வேலையைச் சில நாளிலேயே விட்டுவிட்டு, எழுதிப் பிழைக்கிறேன் என்று உட்கார்ந்தார். முதல் வருடம் எழுத்தில் அவர் சம்பாதித்தது ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா. 'சுவாமியும் நண்பர்களும்' வெளியானது 1935இல்தான். அதுவரை சோறு போட்டது வீடு. யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மைசூரு போகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். ஓவியம் படிக்க ஆசைப்பட்டு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். சேர்ப்பதற்கான திறமை போதாது என்று பதில் வந்தது. மைசூரிலேயே கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. படித்துக்கொண்டே 'தி ஹிந்து'வில் வந்த அண்ணன் கதைகளுக்குப் படம் வரைந்தார். உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போட்டார். டாக்டர் எம். சிவராம் 1942இல் தொடங்கிய 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழிலும் வரைந்தார். நம்முடைய குறவஞ்சிதான் அங்கே கொரவஞ்சி. கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். இந்தியாவையே ஐம்பது ஆண்டுகள் சிரிக்கவும் யோசிக்கவும் வைத்த அவருடைய கேலிச்சித்திர நாயகன் 'சாமானிய மனிதன்', ஒரு கல்லூரி மாணவனின் கைச்செலவுப் படங்களிலிருந்து கிளம்பி வந்தவர்தான்.

ஒரே வீடு, இரண்டு வேகம். ஒருவருக்குக் கல்லூரியிலேயே கை ஓடியது. இன்னொருவர் பட்டம் வாங்கிய பிறகும் சில வருடம் வீட்டுச் சோற்றில் இருந்தார். இருபது வயதில் சம்பாதிக்காத பிள்ளை உருப்படாது என்று யாராவது சொன்னால், அந்த ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்றைய பிள்ளைகளுக்கு வருகிறேன்.

சம்பாதிப்பது பிறகு. முதலில் கணக்கு எழுதுங்கள். போனில் யுபிஐ செய்தால் ஐந்து ரூபாய் டீயும் ஐந்நூறு ரூபாய் சட்டையும் ஒரே விரலசைவில் போய்விடுகின்றன. கையில் நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் இரண்டு நிமிடம், ஒரு சிறு நோட்டில் எழுதினால் தெரியும். இன்னொன்று, உங்கள் வங்கிக் கணக்கையோ ஏடிஎம் கார்டையோ 'கொஞ்ச நாளைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்று எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது கணக்கின் சொந்தக்காரர் வீட்டில்தான்.

கல்விக் கடன் வாங்கியவர்கள் அப்பா போட்ட கையெழுத்தோடு விஷயம் முடிந்தது என்று இருக்க வேண்டாம். பெரும்பாலும் தவணை தொடங்குவது படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து. ஆனால் வட்டி கடன் வாங்கிய நாளிலிருந்தே ஏறுகிறது. அந்தத் தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நீங்களே படியுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் கடனைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருப்பது சின்னப் பிள்ளைத்தனம்.

பகுதி நேர வேலை நல்லதுதான். டியூஷன், மொழிபெயர்ப்பு, படம் வரைதல், கடையில் நிற்பது, எதுவானாலும் சரி. என் தோழி ஒருத்தி தசராப் பொருட்காட்சியில் ஒரு துணிக்கடையில் நின்று, அந்தப் பணத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தாள். ஆனால் வேலைக்காக வகுப்பை விடும் நாள் வந்தால், வேலை உங்களைச் சாப்பிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

போன ஊரின் பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவிடமும் ஆட்டோக்காரரிடமும் நாலு வார்த்தை கன்னடம் பேசினால் கதவுகள் தானாகத் திறக்கும். தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் பக்கத்து வீடு மாதிரி. நம் பகல் அங்கே ஹகலு, நம் பால் அங்கே ஹாலு. பகரம் ஹகரமாவதைப் பிடித்துக்கொண்டால் பாதி பாஷை வந்துவிடும்.

உதவி கேட்கப் பழகுங்கள். என் மூன்று நாள் பட்டினிக்குக் காரணம் காசில்லாதது இல்லை. கேட்க வாய் வராததுதான். யாராவது ராகிங் செய்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. மனசு தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். இந்த எண்களைப் போனில் சேமித்துவைப்பதும் சோறு வடிக்கக் கற்பது போல ஒரு பழக்கம்தான்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை அழுதால் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் உடனே காரை எடுக்காதீர்கள். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா, வகுப்புக்குப் போகிறாளா, பேச ஒரு தோழி இருக்கிறாளா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அது வளர்கிற வலி. மூன்றில் ஒன்று பல நாள் இல்லாமல் போனால், தயங்காமல் கிளம்புங்கள். அப்போதும் நேரே போய் அவளோடு ரெண்டு நாள் தங்குங்கள். பெட்டியைக் கட்டுவது பற்றி அவளே முடிவு செய்யட்டும். பணம் அனுப்பினால் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு, மாதத்துக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகிறது. தொகை சிறிதானாலும் தன் பெயரில் வருகிற பணம் ஒரு பெண்ணுக்குத் தருகிற நிமிர்வை, அப்பா பர்ஸிலிருந்து எடுத்துத் தரும் பத்தாயிரம் தந்துவிடாது.

அஜ்ஜி இப்போது இல்லை. நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பேரனுக்கே தலை நரைத்திருக்கும்.

சென்ற வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்த நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. முதல் மாதப் பக்கங்களில் மல்லிகைக்குப் பதிலாக 'பேனா' என்றும் சினிமாவுக்குப் பதிலாக 'நோட்ஸ்' என்றும் எழுதியிருக்கிறேன். யாருக்கும் காட்டப்போகாத நோட்டில் யாரை ஏமாற்ற அந்தப் பொய்க்கணக்கு! பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு கையெழுத்தே மாறியிருக்கிறது. உப்பு இருபது பைசா என்பது வரைக்கும் உண்மை.

கடைசிப் பக்கத்தில் 'தர வேண்டியது' என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல். தோழிக்குத் தர வேண்டிய பன்னிரண்டு ரூபாய்க்கு நேராக ஒரு கோடு, தந்தாகிவிட்டது. நூலகத்து அபராதம் மூன்று ரூபாய், அதற்கும் கோடு. அதற்குக் கீழே 'அஜ்ஜி, நாலாம் நாள் சாப்பாடு' என்று இருக்கிறது. திங்கள், வியாழன் சாப்பாட்டுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஏற்பாட்டுக்கு முன்னால் போட்ட அந்த ஒரு தட்டுக்கு மட்டும் எதையும் தரவில்லை. அந்த வரியை நான் அடிக்கவில்லை. வெளியூரிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் முகத்தைப் பார்ப்பது எனக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த வரியைப் பார்த்ததும் தெரிந்தது.

தாராபுரத்து அம்மா, மகளுக்கு ஒரு கணக்கு நோட்டு வாங்கி அனுப்புங்கள். கேஸ்கட்டை அவள் பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
ஆசிரியர்